குழியில பந்து போடப் போற பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, அடிச்ச பந்து எங்க போச்சின்னு அரமணி நேரமா கொள்ளுக்காட்டுல குனிஞ்சி குனிஞ்சி தேடறியே, அது காட்டுல இல்ல. உங்க பாட்டியோட பெட்டக்கோழி முதுகுல விழுந்து, அங்கேர்ந்து எகிறி மாட்டுத் தொட்டிக்குள்ள போச்சி. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தன். கோழி பொழைச்சிக்கும். முட்ட வைக்கிறத மட்டும் ஒரு வாரம் ஒத்திப் போடும்னு தோணுது. உங்க பாட்டி வெளக்கமாத்தோட வாசல்ல நிக்கிறா. அதனால கொஞ்ச நேரம் இந்தப் புளியமரத்தடியிலயே உக்காரு. நான் பேசிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவ இந்தப் பக்கம் வரமாட்டா. என் பேச்சு காதுல விழற தூரத்துக்கு அவ வந்து நாப்பது வருசம் ஆவுது.

பெங்களூர் போன, சரி. ரெண்டு வருசமா பெரிய மனுசங்க பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே நடந்த, அதுவும் சரி. மாரியம்மன் பண்டிகைக்கு வந்தவன், பாட்டிக்கு ஒரு சேல, எனக்கு ஒரு துண்டுன்னு கொண்டாந்திருந்தா ஊரு மெச்சும். நீ துருப்புடிச்ச இரும்புக் கழி மூணு கொண்டாந்து, கொள்ளு அறுத்த காட்டுல கால அகட்டி நின்னுக்கிட்டு, "நான் புரொபஷனல் கோல்ஃபர் ஆகப் போறன்"ங்கற. உங்கம்மா பாவம், கோலார் பக்கம் ஏதோ வேல கெடச்சிருக்குன்னு நெனைச்சிக்கிட்டு திருநீறு பூசி விட்டா. அதையும் நான் திருத்தல. தங்கம் எடுக்கிற ஊருன்னு நெனைச்சி கொஞ்ச நாளு சந்தோசமா இருக்கட்டும்.

ஊர்ல உன் பேரு ஏற்கெனவே கெட்டுக் கெடக்குதுடா. போன மாசம் டீக்கடையில உங்கப்பன ஒருத்தன் கேட்டான், "பையன் பெங்களூர்ல என்னா பண்றான்?" உங்கப்பன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "கேடியா இருக்கான்"னான். கடையே கப்சிப். நம்ம ஊர்ல கேடின்னா போலீஸ் ஸ்டேஷன் செவுத்துல போட்டோ ஒட்டியிருக்கும். அங்க கேடின்னா பை தூக்கறவன்னு யாருக்குத் தெரியும்? நேத்து நீ போன்ல கூட்டாளிகிட்ட, "ஒம்போது குழியையும் பார்லயே முடிச்சன் மச்சான்"னு கத்தின. பக்கத்து வீட்டுக் கெழவி காதுல 'பார்' மட்டும் விழுந்திருக்கு. காலையில வந்து உங்க பாட்டிகிட்ட துக்கம் விசாரிச்சிட்டுப் போறா. அப்பறம் என்னமோ ஒரே நாள்ல நாலு போகின்னு பொலம்பின. நமக்கெல்லாம் வருசத்துக்கு ஒரே போகிதான்டா. அதுக்கே பழைய பாய் கெடைக்க மாட்டேங்குது.

எனக்கு இந்த ஆட்டம் தெரியாதுன்னு நெனைச்சிக்காத. உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அந்தப் புல்லு மேல நடந்தவன். இங்க தொடர்ந்து மூணு வருசம் மழ பொய்ச்சிப் போயி, நம்ம ஊரே மூட்ட கட்டிக்கிட்டு பெங்களூருக்கு ரயிலேறுச்சே, அப்ப கல்லு ஒடைக்கப் போனவன் ஒருத்தன், சாரம் கட்டப் போனவன் ஒருத்தன். நான் போய் மாட்டினது ஒரு கோல்ஃப் மைதானத்துல. புல்லு வெட்டுற வேல. ஒம்போது வருசம் வெட்டுனன். மொதல் நாள் மேஸ்திரி என்கிட்ட அரிவாளக் குடுக்காம ஒரு மெசினக் குடுத்து, "மூணு மில்லிமீட்டருக்கு வெட்டணும்"னான். நான் சிரிச்சன். ஆடு கூட அம்மாம் ஒட்ட மேயாதுடா. வெட்டுன புல்லு வாசல் மெழுகுன மாதிரி இருக்கும். அதுல செருப்புத் தடம் விழுந்தாக்கூடத் திட்டு.

அந்தப் புல்லு குடிச்ச தண்ணிய நெனைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. என் பல்லப் பாரு, காவியடிச்ச செவுரு மாதிரி. வெத்தலக் கற இல்ல அது. நம்ம தர்மபுரி போர்த்தண்ணில இருக்கிற ஃபுளோரைடு. ஜப்பான்காரன் கடன் குடுத்து, ஒகேனக்கல் காவேரித் தண்ணி பைப்பு வழியா ஊருக்கு வந்ததே 2013லதான். அந்த மைதானத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல குழாயத் தொறந்து விட்டா விடிய விடிய மழ. மனுசன் குடிக்க இல்ல, பந்து உருள. நான் அந்தத் தண்ணில ஒரு சொம்பு புடிச்சிக் குடிச்சிட்டு, "சாமி, அடுத்த ஜென்மத்துல என்ன புல்லாப் பொறக்க வை, ஆனா பெங்களூர்ல வை"ன்னு வேண்டிக்கிட்டன்.

ஆனா ஒண்ணு. அந்த ஒம்போது வருசத்துல, அந்தப் பெரிய மனுசங்களுக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு எனக்குத் தெரிஞ்சிது. குழிக்கிட்ட போயி ஒருத்தன் மண்டி போட்டு, ஒரு கண்ண மூடி, மறு கண்ணால பார்ப்பான், பந்து எந்தப் பக்கம் சாயும்னு. அதுக்குப் பேரு 'கிரீன் ரீடிங்'காம். ஏன்டா, அது நீர்வாட்டம் பார்க்கிறதுதானே? மடை திருப்பி நாத்துக்குத் தண்ணி கட்டுனவனுக்கு அது கண்ணாலயா தெரியணும்? பாதத்துலயே தெரியும். ஒருநாள் ஒரு தொப்பக்காரன் என்ன "ஏய் புல்லு"ன்னு கூப்பிட்டான். "இது எந்தப் பக்கம் ஓடும், சொல்லு பார்க்கலாம்"னான். பந்தயக் காசு வச்சி ஆடறான். நான் நெசத்தச் சொன்னன், "எடது பக்கம் நாலு வெரல் சாயும் சார்"னு. புல்லு வெட்டறவன் சொன்னா இவன் நம்பமாட்டான்னு தெரிஞ்சிதான் நெசத்தச் சொன்னன். அவன் வலது பக்கமா நெனைச்சி அடிச்சான். அன்னிக்கு அவன் தோத்த காசுல நான் ஒரு எரும வாங்கியிருக்கலாம்.

சரி, ஆட்டத்துக்கு வா. குழியோட வாய் நாலேகால் அங்குலம், நம்ம சொம்பு உள்ள போய் உக்காந்துக்கும். பந்து 46 கிராமத் தாண்டக்கூடாது. எங்க காலத்துக் கணக்குல நாலு தோலா. பையில 14 கழிக்கு மேல ஆகாது. இப்படி 18 குழி. நம்ம ஊரு கோலிக்குண்டுல குழி அடிக்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, தோத்தவன் முட்டி போட வேண்டியதில்லங்கறதத் தவிர. ஊரு ஒலகத்துல எதுலயும் அதிகமா எடுத்தவன் ஜெயிப்பான். இதுல கம்மியா அடிச்சவன் ஜெயிக்கிறான். உன் பரீச்சப் பேப்பரு கையில வந்தப்பவே நீ இதுக்குத்தான் லாயக்குன்னு நான் கண்டுபுடிச்சிருக்கணும்.

இனி காசுக் கணக்கு. உங்கம்மா கேக்கப் போறா, சம்பளம் எவ்வளவுன்னு. இதுல சம்பளம் கெடையாதுடா. மானாவாரி. வெத உன்னுது, ஏர் உன்னுது, மழ மட்டும் சாமியுது. நம்ம நாட்டுல இந்தத் தொழில் ஆட்டக்காரங்களுக்கு பிஜிடிஐன்னு ஒரு டூர் 2006லேர்ந்து நடக்குது. அதுல நொழையறதுக்கு ஒரு தகுதிப் போட்டி, அதுக்கு 'ஸ்கூல்'னு பேரு. நீ எட்டாவதோட ஸ்கூல விட்டு ஓடியாந்தவன், அந்த ஸ்கூல் உன்ன எங்க போனாலும் தொரத்துது பார்த்தியா. தேறி உள்ள போனியா, நாலு நாளு ஆட்டம். மொதல் ரெண்டு நாளு 36 குழி. அதோட சல்லட போடுவான். பாதிக்கு மேல கீழ கொட்டிடும். கீழ விழுந்தவன் ரயிலுக்குப் போட்டது, ரூமுக்குப் போட்டது, பை தூக்கினவனுக்குக் குடுத்த கூலி எல்லாம் அவன் கை நட்டம். பாலக்கோடு மார்க்கெட்டுல தக்காளிக் கூடைய எறக்கினா, எம்மாம் கேவலமான வெலையா இருந்தாலும் ஒரு வெலன்னு சொல்லுவான். இங்க ரெண்டு நாளு வேர்வ சிந்தினதுக்கு, "போய்ட்டு வா தம்பி"தான்.

ஒரே ஒரு அடி என்ன வெல போவும்னு தெரியுமா? உன் தங்கச்சி ராத்திரி போன்ல படிச்சிச் சொன்னா. 2022 மார்ச்சுல அமெரிக்காவுல பிளேயர்ஸ்னு ஒரு பெரிய போட்டி. நம்ம அனிர்பன் லாஹிரி ரெண்டாவதா வந்தான். ஜெயிச்ச ஆஸ்திரேலியாக்காரன் கேமரூன் ஸ்மித்துக்கு 36 லட்சம் டாலரு. இவனுக்கு 21 லட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் ஒரே அடி. அந்த ஒரு அடிக்கு 14 லட்சம் டாலருக்கு மேல. உங்க மாமனுக்கு சின்ன வயசுல நான் குடுத்த அடிக்கெல்லாம் இந்த வெல கெடச்சிருந்தா, தொப்பூர்லேர்ந்து ஒகேனக்கல் வரைக்கும் நம்ம காடா இருந்திருக்கும்.

பெங்களூர்ல வளந்த அந்தப் பொண்ணு அதிதி அசோக்கையும் எடுத்துக்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட். அன்னிக்கு விடியகாலமே நம்ம டீக்கடை டிவியில, கோல்ஃப்ன்னா பல்லு வெளக்கற பேஸ்ட்டான்னு கேக்கறவன்லாம் உக்காந்து பார்த்தான். நாலாவது வந்திச்சி. ஒரு அடில பதக்கம் போச்சி. கூட பை தூக்கிக்கிட்டு நடந்தது யாருன்ற? பெத்த தாயி. நீயும் உங்கம்மாவக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு யோசிக்காத. அவ பையில கழிக்குப் பதிலா களி வச்சிருப்பா. மூணாவது குழியில உக்கார வச்சி ஊட்டி விடுவா.

நான் உன்ன பயமுறுத்தறன்னு மூஞ்சத் தூக்கிக்கிட்டியே. இந்தா, இதையும் கேளு. கல்கத்தாவுல ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்புன்னு ஒண்ணு இருக்குது. 1829ல வெள்ளக்காரன் வச்சது. வெள்ளக்காரன் ஊருக்கு வெளிய இதவிடப் பழசு கெடையாதாம். அங்க என்ன மாதிரியே புல்லு பராமரிச்சவர் ஒருத்தர். அவரு மகன் சௌராசியா. சிவசங்கர் பிரசாத் சௌராசியான்னு நீட்டிச் சொல்லணும், ஊர் ஒலகம் எஸ்எஸ்பின்னு சுருக்கிடுச்சி. யாரும் உக்கார வச்சி அவனுக்குப் பாடம் சொல்லல. பை தூக்குனான், ஆடறவனப் பார்த்தான், தானே அடிச்சிப் பழகுனான். தூரமா அடிக்கிற பலம் அவன் ஒடம்புல கெடையாது, ஆளு குட்ட. ஆனா குழிக்கிட்ட வந்துட்டான்னா உயிர எடுத்துடுவான். பக்கத்துலேர்ந்து தட்டறதுக்கு 'சிப்', உருட்டறதுக்கு 'பட்' இல்லையா? கூட்டாளிங்க அவனுக்கு 'சிப்-பட்-சியா'ன்னே பேரு வச்சிட்டாங்க.

2008 பிப்ரவரில ஐரோப்பியன் டூரு மொத மொதல்ல இந்தியாவுல கால் வைக்குது. டெல்லி கோல்ஃப் கிளப்புல இந்தியன் மாஸ்டர்ஸ். பரிசுப் பணம் மொத்தம் 25 லட்சம் டாலரு. உலகப் பெரிய தலைங்கள்லாம் வந்து எறங்குது. பேப்பர்க்காரன் அவங்க பின்னாடியே ஓடறான். கடைசி நாளு சாயங்காலம் கோப்பையத் தூக்கினது புல்லுக்காரர் மகன். டெல்லி மைதானம் ரெண்டு பக்கமும் முள்ளுப் பொதரு. தூரமா அடிச்சவன் பந்தெல்லாம் பொதருக்குள்ள. இவன் அளவா அடிச்சி நடுவாலேயே வந்தான். பலம் இல்லாததே அன்னிக்கு அவனுக்குப் பலமாப் போச்சி. கேட்டுக்கிட்டியா? நீ இப்ப அடிச்ச அடி கோழி வரைக்கும் போச்சே, அது பெரும இல்லடா. கொள்ளுக்காட்டுக்கு உள்ளயே நின்னிருந்தா பெரும.

அதவிட எனக்குப் புடிச்ச கத, அவன் இந்தியன் ஓப்பன் தோத்த கத. சொந்த நாட்டுப் பட்டம். 1999லயே ரெண்டாவது வந்தான். அப்பறமும் ரெண்டாவது. மறுபடியும் ரெண்டாவது. 2015ல லாஹிரிகூட சமமா நின்னு, பிளேஆஃப்ல அதுவும் போச்சி. நம்ம ஊரா இருந்தா, "இவனுக்கு ரெண்டாம் தாரந்தான் அமையும்"னு ஜோசியக்காரன் எழுதியே குடுத்திருப்பான். அவன் 2016ல வந்து ஜெயிச்சான். 2017ல திரும்ப வந்து ஏழு அடி வித்தியாசத்துல ஜெயிச்சான். அந்தப் பதினேழு வருசம் அவன் பொண்டாட்டி புள்ளைங்க என்ன சொல்லிச்சோ, உன் தங்கச்சி போன்ல அது இல்ல.

பை தூக்கி மேல வந்தவன் அவன் ஒருத்தன் மட்டும் இல்ல. டெல்லிக்காரன் அலி ஷேர் 1991ல இந்தியன் ஓப்பன் வாங்குனான். தொழிலா ஆடுற இந்தியன் எவனும் அதுவரைக்கும் அத வாங்கினதில்ல. 1993ல மறுபடியும் வாங்கி, மொத தடவ குருட்டு யோகம்னு சொன்னவன் வாய அடைச்சான். பிடதிகிட்ட ஈகிள்டன் மைதானத்தச் சுத்தி வளந்த சிக்கரங்கப்பா கூலிக்காரன் மகன். இலங்கையிலேர்ந்து வந்து நம்ம டூர்ல பட்டம் அடிச்சிக்கிட்டுப் போற தங்கராஜா, பேரக் கேட்டாலே நம்ம பாஷ. ஆனா எனக்கு நெஞ்சுக்கு நெருக்கம் பெங்களூரு முனியப்பா. 2009 இந்தியன் ஓப்பன், குர்கான்ல. கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்ல பை தூக்குனவன், கொரியாக்காரன் ஒருத்தன் கூட பிளேஆஃப் ஆடி ஜெயிச்சிட்டான். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கிற டிவிக்காரன், "முனியப்பா, முனியப்பா"ன்னு இங்கிலீசுல கத்தறான். எனக்கு இங்க சாமி வராத கொற. நம்ம காட்டோரத்துல மீசைய முறுக்கிக்கிட்டு அரிவாளோட உக்காந்திருக்கிறாரே, அவரு பேரு உலகம் பூரா கேட்டிச்சி அன்னிக்கு. உங்க பாட்டிகிட்டச் சொன்னன். அவ உடனே ஒரு சேவல நேர்ந்து விட்டா. ஜெயிச்சவன் யாருன்னு கடைசி வரைக்கும் கேக்கல.

இப்ப உக்காரு. கழிய அப்படி வையி. அடுத்து சொல்லப் போறத வெளையாட்டாச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆப்பிரிக்காவுல டர்பன்னு ஒரு ஊரு. 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோன்னு ஒரு கப்பல் அங்க போச்சி, கரும்புக் காட்டுக்குக் கூலி ஏத்திக்கிட்டு. அப்பறம் கப்பல் கப்பலா நம்ம பக்கத்து ஜனமும் போச்சி, வடக்கத்தி ஜனமும் போச்சி. அந்தக் கூலிக்கார இந்தியர் கூட்டத்துல 1928ல பொறந்தவன் பாப்வா சுகோலம். நம்ம பாஷக்காரன் இல்ல. இருந்தா என்ன, அதே கரும்பு, அதே வேர்வ. எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயசுலயே பை தூக்குனான். எல்லாரும் எடது கைய மேலயும் வலது கையக் கீழயும் வச்சி கழியப் புடிப்பாங்க. இவன் தலகீழாப் புடிச்சான், வலது மேல, எடது கீழ. அது தப்புன்னு சொல்ல அவனுக்கு வாத்தியார் கெடையாது, அதனால அது தப்பாவும் இல்ல. அவன்கிட்டத் திறமை இருக்குன்னு பார்த்த ஒரு வெள்ளக்கார மொதலாளி 1959ல ஐரோப்பாவுக்கு இட்டுக்கிட்டுப் போனான். போன அந்த வருசமே டச்சு ஓப்பன் ஜெயிச்சான். 1960ல மறுபடியும். 1964ல மூணாவது தடவ.

ஊருக்குத் திரும்பினா அவன் தோலுக்கு ஒரு சட்டம். வெள்ளக்காரன் ஆடுற எடத்துல இவன் ஆடவே தனி அனுமதி வாங்கணும். 1963ல நேட்டால் ஓப்பன், டர்பன் கன்ட்ரி கிளப்புல. ஜெயிச்சிட்டான். மழ கொட்டுது. தோத்த வெள்ளக்காரன்லாம் கட்டடத்துக்குள்ள கையில கிளாசோட நிக்கிறான். ஜெயிச்சவன் உள்ள போகக்கூடாது. வெளிய மழயிலயே நிக்க வச்சி கோப்பையக் குடுத்தாங்க. அந்தப் போட்டோ உலகம் பூரா போச்சி. 1965ல அதே பட்டத்த கேரி பிளேயரயே தோக்கடிச்சி வாங்குனான். அந்த வருசமே அமெரிக்க ஓப்பனையும் வாங்கி நாலு பெரிய பட்டத்தையும் முடிச்ச கேரி பிளேயர். அத்தோட சர்க்காருக்குத் தாங்கல. 1966ல அவன இனி எந்தப் போட்டிலயும் ஆடக்கூடாதுன்னு தள்ளி வச்சிட்டாங்க. 1978ல, அம்பது வயசு ஆகறதுக்கு முன்னாடியே, ஏழையாவே செத்தான். இன்னிக்கு டர்பன்ல ஒரு கோல்ஃப் மைதானத்துக்கே அவன் பேரு. செத்தப்பறம் மேளம் அடிக்கிறதுல எந்த ஊரும் கொறச்சல் இல்ல.

அந்த 1965ல, அக்டோபர் ரெண்டாந்தேதி, நம்ம தர்மபுரி சேலத்துலேர்ந்து பிரிஞ்சி தனி மாவட்டம் ஆச்சி. எனக்குப் பன்னண்டு வயசு. ஆடு மேச்சிக்கிட்டு இருந்தன். கையில ஒரு கழி இருந்திச்சி. எனக்கு யாரும் பந்து குடுக்கல.

அட, விடு. எதையோ சொல்ல வந்து எங்கயோ போய்ட்டன்.

கையெழுத்துச் சமாச்சாரம் ஒண்ணு இருக்குது, அதச் சொல்லிட்டு விட்டுடறன். இந்த ஆட்டத்துல உனக்கு உன் கூட ஆடறவன் கணக்கு எழுதுவான், அவனுக்கு நீ எழுதுவ. கடைசில நீ சரிபார்த்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது, சாமி வந்தாலும் மாத்த முடியாது. 1968ல அர்ஜென்டினாக்காரர் ராபர்ட்டோ டி விசென்சோ, அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் போட்டி, கடைசி நாளு. அன்னிக்கு அவருக்கு 45 வயசு நெறையுது. பதினேழாவது குழிய மூணே அடில முடிச்சாரு. கூட ஆடுனவன் கை தவறி நாலுன்னு எழுதிட்டான். இவரு படிச்சிப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டாரு. டிவில உலகமே மூணுன்னு பார்த்திச்சி. சீட்டுல நாலு. நாலுன்னா நாலுதான். சமமா நின்னு பிளேஆஃப் ஆட வேண்டிய மனுசன் ரெண்டாவதாப் போனாரு. உங்க பெரிய தாத்தன் படிச்சிப் பார்க்காம கைநாட்டு வச்சி மேட்டுக்காடு மூணு ஏக்கர் போன கத உனக்குத் தெரியும். அவருக்கு படிக்கத் தெரியாதுன்னாவது சொல்லிக்கலாம். அதனால பரிசு வாங்கற அவசரத்துலயும் சீட்ட ரெண்டு தடவ படி. கல்யாணப் பத்திரிகைக்கும் அதேதான்.

கல்யாணம்னதும் நிமிந்து உக்காரறான் பாரு! பொண்ணு பார்க்கப் போனா மாப்ளைக்கு என்ன வேலன்னு கேப்பாங்க. குழியில பந்து போடறாருன்னு சொல்ல முடியுமா? எத்தன குழின்னு கேப்பான் மாமனாரு, சென்ட் கணக்குல. ஒண்ணு பண்ணு, அம்பது வயசு வரைக்கும் பொறு. அம்பது ஆனா அமெரிக்காவுல சீனியர்னு தனி டூரே வச்சிருக்கான். ஃபிஜித் தீவுல பொறந்த நம்ம வம்சத்துக்காரன் விஜய் சிங்கு போர்னியோ பக்கம் ஏதோ ஒரு கிளப்புல பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு, மிச்ச நேரமெல்லாம் தனியா நின்னு பந்து அடிச்சவன். 2004ல டைகர் வுட்ஸத் தள்ளிட்டு உலகத்துல ஒண்ணாம் எடத்துக்கு வந்தான். அமெரிக்க டூர்ல அவன் வாங்குன 34 பட்டத்துல 22 நாப்பது வயசுக்கு மேல. மா மரம் மாதிரிதான்டா இதுவும். சும்மா வளந்துக்கிட்டே இருக்கும், வெட்டிடலாமான்னு கோடாலி எடுக்கிற வருசம் காய்க்கும். நம்ம கல்கத்தா அர்ஜுன் அத்வாலு அப்படித்தான். 2010ல டூர் கார்டே போச்சி. திங்கக்கிழம தகுதிச் சுத்துல கூட்டத்தோட கூட்டமா நின்னு எடம் புடிச்சி, அந்த ஞாயித்துக்கிழமையே விண்டம் பட்டத்தத் தூக்குனான். அமெரிக்க டூர்ல பட்டம் வாங்குன மொத இந்தியன். கோடாலி கைக்கு வந்த வாரம் காய்ச்ச மரம்.

சரி, வா வழிக்கு. செவ்வாக்கிழம நல்லம்பள்ளிச் சந்தைக்கு நாலு கெடா ஓட்டிக்கிட்டுப் போறன். ஏன் சிரிக்கிற? நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இது கடன் இல்ல. கடன் குடுத்தா நீ என்னப் பார்த்து ஒளிவ. தானமும் இல்ல, தானம் குடுக்கிற வம்சம் இல்ல நம்முது. வாரம். காட்ட வாரத்துக்கு விடற மாதிரி உன்ன வாரத்துக்கு எடுத்துக்கிறன். கெடா என்னுது, ஒழப்பு உன்னுது. பரிசு வந்தா பை தூக்கறவனுக்கு பத்துல ஒண்ணு குடு, அவன் வயித்துல அடிக்காத, நேத்து வரைக்கும் நீயே அவன். சர்க்காருக்கு வரி. மிச்சத்துல நாலுல ஒண்ணு எனக்கு. சல்லடையில கீழ விழுந்தா எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா அன்னிக்கு ராத்திரி போன் போட்டு எத்தன அடின்னு நெசத்தச் சொல்லணும். ஒண்ணு கொறச்சிச் சொன்னாலும் எனக்குத் தெரிஞ்சிடும், உன் தங்கச்சி போன் என்கிட்டதான் இருக்குது. அஞ்சி வருசத்துக்கு ஒப்பந்தம். என்னாது, அஞ்சுல ஒண்ணா? சரியான கேடிடா நீ. நாலுல ஒண்ணு. இல்லன்னா கெடா இங்கியே மேயட்டும்.

பை தூக்கறத மட்டும் உடனே விட்டுடாத. ஆறு நாளு தூக்கு. நான் வேல செஞ்ச எடத்துல திங்கக்கிழம மைதானத்த மூடிடுவாங்க. அன்னிக்குதான் பை தூக்கறவன்லாம் ஆடுவான். மத்த நாளுல சும்மா நடக்காத, செருப்புக்குள்ள பாதத்தால பாரு, எங்க மேடு, எங்க பள்ளம், எந்தப் பக்கம் நீர்வாட்டம்னு. அத எவன் பையத் தூக்கினாலும் இலவசமாத் தர்றான். கேட்டா மட்டும் நெசத்தச் சொல்லு. நம்பறதும் நம்பாததும் அவன் பாடு.

அதோ உங்க பாட்டி கெளம்பிட்டா, கோழியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வர்றா. ஓடாத, நில்லு. நடுவர் கூடவே நிக்காத ஆட்டம் இது, தப்பு பண்ணவன் தானே கையத் தூக்கி ஒத்துக்கணும். போய் நான்தான் அடிச்சன்னு சொல்லு. அபராதம் எத்தன அடின்னு அவ சொல்லுவா.

நானா? நான் எதுக்குடா சாட்சிக்கு? நான்தான் பந்து விழுந்ததப் பார்க்கவே இல்லையே. ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போறன், கெளம்பு.